கொடைக்கானல் மூலிகைக் கடை: இலையை வாங்குங்கள், கலவைப் பொடி வேண்டாம்

கொடைக்கானல் பஜாரில் ஒரு மூலிகைக் கடையில் அம்மாவுக்காகச் சர்க்கரை நோய்ச் சரக்கு வாங்கினோம். சிறுகுறிஞ்சான் அருமை. பொடியாக்காமல் முழு இலையாகவே தருகிறார்கள், நிழலில் காயவைத்தது, பச்சை போகவில்லை. அசல்தானா என்று பார்க்க ஒரு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுங்கள், மணலைத் தின்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாமல் செய்துவிடும். இந்தக் கடை இலை அதில் தேறியது. நெல்லி வற்றலும் தரம்.

ஆவாரம்பூ சுமார்தான். 'மலை மூலிகை' என்று பலகை வைத்து விலையை ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் ஆவாரை வறண்ட நிலத்துச் செடி, மலையிறங்கினால் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் தரிசில் தானாகப் பூத்துக் கிடக்கும்.

வாங்கவே கூடாதது அந்தக் கலவைப் பொடி. நாவல்கொட்டை, வெந்தயம், ஆவாரை, சீந்தில் எல்லாம் சேர்ந்தது, எது எவ்வளவு என்று லேபிளில் இல்லை, 'ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது' என்று மட்டும் கொட்டை எழுத்தில். அது பொய்யில்லை. சர்க்கரை ஏறியே இருந்தால் உடம்பில் செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும், கண்ணும் சிறுநீரகமும் ரத்தக்குழாயும் கெடுவதில் அவற்றுக்கும் பங்குண்டு, நாவல்கொட்டையில் இருக்கிற காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமும் அவற்றை அடக்கக்கூடிய ஆன்டிஆக்சிடன்ட்கள்தான். ஆனால் ஆய்வகத்தில் டிபிபிஹெச் என்ற ஃப்ரீ ராடிக்கல் கலந்த ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விட்டு அது மஞ்சளாகிறதா என்று பார்ப்பது வேறு, ஒரு நோயாளியின் ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, குறைவது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

அப்புறம், "இதச் சாப்பிட்டா மாத்திரைய நிறுத்திரலாம்மா" என்றார் கடைக்காரர். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிறுகுறிஞ்சான் தானே சர்க்கரையைக் குறைக்கும், இன்சுலினோடு சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை டாக்டர்கள் 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள், அதனால் அளவு தெரியாத பொடியில் அது இருப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

ஜிபே உண்டு, கேட்டால் ரசீதும் தருகிறார்கள். பொட்டலத்தில் பேக்கிங் தேதி கிடையாது, கேட்டு எழுதி வாங்குங்கள், மழைக்காலத்தில் அங்கே ஈரம் அதிகம், இலை சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.