பன்னீர் திராட்சை சோர்பே: மெஷினோடு மூன்று வருடம்

கிண்ணத்தை 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, மேலே மோட்டாரைப் பூட்டிச் சுற்றவிடும் வகை ஐஸ்கிரீம் மெஷின் என்னுடையது. அதில் நான் செய்வது சோர்பே, அதாவது பால் சேர்க்காமல் பழச்சாற்றை உறையவைக்கும் ஐஸ். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கிண்ணம் ஃப்ரீசரில் பாதியை அடைத்துக்கொள்ளும். மீன் டப்பாவுக்கும் அதற்கும் எப்போதும் தகராறுதான்.

மாம்பழம், கொய்யா எல்லாம் செய்து பார்த்தேன். நிலைத்தது பன்னீர் திராட்சை. கம்பத்திலிருந்து வருடம் முழுக்க வருகிறது; புளிப்பும் மணமும் அதிலேயே உண்டு. ஒரு கிலோ பழத்தைக் கொஞ்சம் மசித்து, தோலோடு இரண்டு கொதி விட்டு வடிகட்டினால் ஏறத்தாழ 700 மில்லி சாறு. அந்தக் கருஞ்சிவப்பு தோலிலிருந்துதான் இறங்கும். மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதை உடைந்து கசக்கும்.

முதல் தடவை, உடம்புக்கு நல்லது என்று இரண்டே ஸ்பூன் சர்க்கரை போட்டேன். மறுநாள் கரண்டி வளைந்ததுதான் மிச்சம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீர் முழுக்கக் கல்லாக உறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். இப்போது 700 மில்லிக்கு 100 கிராம் போடுகிறேன். பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும் என்பதால், ஆறிய சாற்றில் கழுவிய முட்டை ஒன்றை ஓட்டோடு மிதக்கவிடுவேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓடு வெளியே தெரிந்தால் சரி. மூழ்கினால் இன்னும் சர்க்கரை வேண்டும். முட்டை புதிதாக இருக்க வேண்டும். பழசு வெறும் தண்ணீரிலேயே மிதந்து ஏமாற்றிவிடும். அப்புறம் சாற்றை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து ஊற்றினால் 25 நிமிடத்தில் வேலை முடியும்.

இரண்டாவது வருடம் அவசரத்தில் சாற்றை ஊற்றிவிட்டு அதன்பிறகு சுவிட்சைப் போட்டேன். அதற்குள் கிண்ணத்தின் சுவரில் ஒரு பொருக்கு உறைந்து, பிளாஸ்டிக் துடுப்பு அதில் மாட்டி 'டக்'கென்று விரிசல் விட்டது. எப்போதும் மோட்டார் முதலில், சாறு பிறகு. கம்பெனிக்குப் போன் செய்தால் அந்த மாடலே இப்போது வருவதில்லையாம்.

அதிலிருந்து ஐஸ் தட்டில் சாற்றை உறையவைத்து, கட்டிகளை மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், அன்றே சாப்பிடுவதற்கு இது போதும். இரண்டு நாள் வைத்தால்தான் நறநறவென்று ஆகிறது. மெஷினில் செய்தது அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. கரண்ட் போய் வந்தால் இரண்டுமே கெட்டிப்படும். முழுக்கக் கரையவிட்டு மறுபடி உறையவைப்பதைத் தவிர வழியில்லை.

கிண்ணத்தில் இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது. ஃப்ரீசர் முழுக்க மீன் டப்பாவுக்கே.