கோல்ஃப் செட் வாங்கும் முன் திரையின் கீழ் மூலையைப் பாருங்கள்

ஓசூரில் கோல்ஃப் பழகுகிறவர்கள் குறைவுதான், ஆனால் பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் ஆபீஸ் நண்பர்களைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. போன நவம்பரில் ஒரு கடையில் 58,000 ரூபாய் கொடுத்து ஐயர்ன் செட் (உலோகத் தலை வைத்த கட்டைகள், தூரத்துக்கு ஏற்ப எண் போட்டிருக்கும்) வாங்கி ஏமாந்தேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை, நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே அளப்பதுதான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வு. காலையில் மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜில் வைத்துச் சரிபார்க்காமல் ஒரு பீஸைக்கூடத் தொட மாட்டேன். அந்த ஆள்தான் ஒரு திரையில் ஓடிய எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

வலை கட்டிய அறை, பெரிய திரை, பந்துக்குப் பக்கத்தில், அடித்த தூரத்தைத் திரையில் காட்ட ஒரு கேமராப் பெட்டி. முதலில் என் பழைய 7 ஐயர்னில் பத்துப் பந்து அடித்தேன், சராசரி 131 யார்டு. "ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க சார், அதுக்குள்ள புதுசை ரெடி பண்றேன்" என்றார் கடைக்காரர். டீ குடித்துவிட்டு வந்து புது 7 ஐயர்னை எடுத்தால் 160! "டூர்ல ஆடுற புரொஃபஷனல் ஆளுங்களே 7 ஐயர்ன்ல 172தான் சார் அடிக்கிறாங்க, நீங்க 160" என்று ஒரு போடு போட்டார். அங்கேயே விழுந்துவிட்டேன். பழைய செட்டை 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டார்.

அந்த 172 பொய்யில்லை, டிராக்மேன் ரேடார் நிறுவனம் முன்பு வெளியிட்ட, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் சராசரியில் இருந்த எண்தான். ஆனால் அது கேரி, அதாவது பந்து காற்றிலேயே பறந்து விழுகிற தூரம். ஐயர்னுக்கு எல்லோரும் பேசுவது அதைத்தான், நடுவில் குட்டையோ மணல் குழியோ இருந்தால் தாண்ட உதவுவது கேரிதானே. விழுந்த பிறகு உருளுவதையும் சேர்த்தால் அது டோட்டல். முதல் அடிக்கு எடுக்கும் நீளமான கட்டையான டிரைவருக்கு டூரில் டோட்டலைச் சொல்வார்கள், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது: ஒரு சுற்றில் இரண்டு ஹோல்களை (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையான ஆட்டப் பாதை) தேர்ந்தெடுத்து அளப்பார்கள், காற்று ஒரு பக்கமாகச் சாதகமாகிவிடக் கூடாது என்று அந்த இரண்டும் கூடியவரை எதிரெதிர்த் திசையில் இருக்கும், பந்து எங்கே போய் நிற்கிறதோ அதுவரை கணக்கு, புல்வெளிக்கு வெளியே போனாலும் சரி. அறைக்குள் அடிக்கும்போதோ பந்து நாலைந்து அடியில் வலையில் விழுந்துவிடுகிறது. பெட்டி பார்ப்பது கிளம்பும் வேகம், கோணம், சுழற்சி. மிச்சப் பறப்பெல்லாம் மென்பொருள் போடுகிற கணக்கு, செட்டிங்கில் எதைக் கொடுத்தார்களோ அதை வைத்து.

வாங்கி வந்து மைதானத்தில் அடித்தால் புதுக் கட்டை பழையதை விடப் பெரிதாக ஒன்றும் போகவில்லை. சரி, பழகணும் போல என்று ஒரு மாதம் ஓட்டினேன். அப்புறம் பொங்கலுக்கு கெலமங்கலம் பக்கம் மாமனார் ஊருக்குப் போனபோது ராகி அறுத்து உழுது போட்டிருந்த கொல்லையைப் பார்த்ததும் யோசனை வந்தது. உழுத மண்ணில் பந்து உருளாது, விழுந்த இடமே கேரி. பழைய 7 ஐயர்ன் மட்டும் கடையில் கொடுக்க மறந்து கார் டிக்கியிலேயே கிடந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று. கிழக்கே பத்து, மேற்கே பத்து என்று ஒவ்வொரு கட்டையிலும் அடித்தேன், மச்சான் 30 மீட்டர் டேப்பை மாற்றி மாற்றி வைத்து அளந்தான். பழையது 120 மீட்டர், 131 யார்டு. புதியது 127 மீட்டர், 139 யார்டு. "எட்டு யார்டுக்கா மாமா ஐம்பத்தெட்டாயிரம்?" என்றான். அந்த எட்டுகூடக் கட்டையின் திறமை இல்லை. கம்பெனியில் பெவல் புரொட்ராக்டரில் லாஃப்ட், அதாவது கட்டை முகத்தின் சாய்வுக் கோணம், பார்த்தேன்: பழையது 34 டிகிரி, புதியது 29. கட்டை முகம் நிமிர்ந்தால் பந்து தாழ்ந்து தூரம் போகும். 7 என்று பொறித்தால் இத்தனை டிகிரிதான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

மீதி 21 யார்டு எங்கே போனது? கடையில் நண்பனுக்கு அனுப்ப இரண்டு முறையும் திரையைப் போட்டோ எடுத்திருந்தேன், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் எண்ணுக்கு மேலே கேரி என்று இருக்கிறது, இரண்டாவதில் டோட்டல். கீழ் மூலையில் பொடி எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து இடத்தின் உயரம்: முதல் படத்தில் 3,000 அடி, அது ஓசூருக்குச் சரி. இரண்டாவதில் 7,500. நான் டீ குடித்து வருவதற்குள் கடையை ஊட்டிக்கு ஏற்றிவிட்டார்கள்! உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து பந்து அதிக தூரம் போகும், 1,000 அடிக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு ஏழு யார்டு, மிச்சம் உருண்ட கணக்கு.

போட்டோக்களோடு போய்க் கேட்டேன். "அன்னைக்கு நீங்க நல்ல ஃபார்ம்ல இருந்தீங்க சார்" என்கிறார். பில்லில் 'கோல்ஃப் செட் 1' என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை, எந்தத் தூரத்தைச் சொல்லி விற்றார் என்பதற்கு என்னிடம் இருப்பது அந்த இரண்டு படம்தான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போனால் இரண்டு கட்டைக்கும் செட்டிங் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் படம் எடுங்கள், லாஃப்டைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், கட்டையை வெளியில் ஒரு தடவை அடித்துப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

போன வாரம் அவரே போன் பண்ணினார். பணத்தைத் திருப்பித் தரத்தான் போல என்று எடுத்தால், "சார், உங்க பழைய செட்டுக்கு 14,000க்கு ஆள் வந்திருக்கு, அந்த 7 ஐயர்னை மட்டும் கொண்டு வந்து குடுத்துடுங்களேன்" என்கிறார்.