டியூப்லைட் வெளிச்சத்தில் கீரை: இரண்டு வருட அனுபவம்

எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியில் தொட்டி வைக்க அனுமதி இல்லை. பால்கனி வடக்குப் பார்த்தது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருப்பதால், அப்போது மட்டும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதமெல்லாம் நிழல்தான். அதனால் ஹாலில் ஒரு இரும்பு ரேக், மேல்தட்டுக்கு அடியில் விளக்கு என்று ஆரம்பித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

செடி வளர்க்கவென்றே விற்கும், ஊதா வெளிச்சம் தரும் 'குரோ லைட்' கீரைக்குத் தேவையே இல்லை. வீட்டில் மாட்டும் 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்லைட் போதும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். ஊதா வெளிச்சத்தில் இலை பழுத்தால்கூட கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விளக்கு இலையிலிருந்து அரை அடிக்குள் இருக்க வேண்டும். தூரம் கூடினால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். டைமரில் தினமும் 14 மணி நேரம் எரிகிறது. கணக்குப் பார்த்தால் நாளுக்கு 0.28 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 17 யூனிட். கரண்ட் பில்லை விட, ராத்திரி ஹால் பெட்டிக்கடை மாதிரி ஜொலிப்பதுதான் வீட்டில் புகார்.

இத்தனை நாளில் நம்பிக்கையாகக் கைகொடுப்பது வெந்தயம். அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தையே ராத்திரி ஊறவைத்து, ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மேல் நெருக்கமாகத் தூவினால் பத்து நாளில் அறுக்கலாம். பருப்புக்கூட்டுக்கு அருமை. கடுகு இன்னும் சீக்கிரம் வரும், காரமாக இருக்கும், தயிர்ப்பச்சடியில் போடலாம். விதைக் கடையில் சிவப்பாகவோ நீலமாகவோ மருந்து தடவி விற்கும் விதையை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். தக்காளி, கத்திரி நாற்றையும் இளங்கீரையாகச் சாப்பிடக் கூடாது, அது நஞ்சு.

கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே போடுகிறேன். சத்து என்று அதில் ஒன்றும் கிடையாது. பத்து நாள் கீரைக்கு அது பரவாயில்லை, விதையில் உள்ளதே போதும். புதினாவுக்கு மண்புழு உரம் கலந்தாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தொல்லை. காற்றில் ஈரம் ஏறி, தட்டில் பூஞ்சை வரும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி, அதாவது வேரில் முளைக்கும் மெல்லிய இழை. சிலந்தி வலை போல் படர்ந்து வாடை அடித்தால் பூஞ்சை. சீலிங் ஃபேன் காற்று படும்படி ரேக்கை நகர்த்திய பிறகு வெகுவாகக் குறைந்தது. மண்ணிலிருந்து கிளம்பும் குட்டிக் கருப்புப் பூச்சிகளுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்திருக்கிறேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுவதுதான் உண்மையான மருந்து. வேப்பம் புண்ணாக்கும் கேட்கும், ஆனால் அந்த நாற்றத்தோடு ஹாலில் உட்கார முடியாது.

புதினா சுமார்தான். சந்தைக் கட்டில் உள்ள தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும், தொட்டியிலும் பிடிக்கும், ஆனால் இலை சிறுத்துப்போகிறது. துவையலுக்குக் காணாது, டீக்குச் சரி. கறிவேப்பிலை, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் நேரடி வெயில் வேண்டும், இந்த விளக்கு எந்த மூலைக்கு? கொத்தமல்லி மார்கழி, தை மாதங்களில் நன்றாக வருகிறது. சித்திரை வெக்கையில் தளதளப்பே இல்லை, அப்போது கடைக் கட்டுதான் வாங்குகிறோம்.