ஸ்டாப் சொலினாய்டு போனால்: ஒரிஜினலா, லோக்கலா, ஊசியை எடுத்துவிடுவதா?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்ஸரில் துளி புகை இல்லை, எஞ்சின் பிடிக்கவில்லை. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் விஇ வகை ரோட்டரி பம்ப் உள்ள பழைய வண்டிகளில் (2000 முதல் 2005 வரை இங்கே விற்ற குவாலிஸ் அதில் ஒன்று) அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பம்ப் தலையில் திருகியிருக்கும் ஸ்டாப் சொலினாய்டு என்ற மின்சார வால்வு. கரண்ட் வந்தால் அதன் உள்ளே இருக்கும் ஊசி ஏறி டீசலுக்கு வழி விடும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும்.

என் வண்டியில் இது போனபோது கம்பெனி வால்வு புதிதாக வாங்கிப் போட்டேன். மற்ற வழிகளையும் விசாரித்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

வாங்கக் கிளம்பும் முன் வால்வுதான் குற்றவாளி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சாவியை ஆன் செய்ததும் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வால்வின் முனையில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியவில்லையா, ஃபியூஸ், ஒயர், இக்னிஷன் சுவிட்ச் மூன்றில் ஒன்று; வால்வைத் தொடவே வேண்டாம். எரிந்தும் 'டிக்' இல்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் வால்வு போய்விட்டது.

குழப்பம் வருவது சூட்டில்தான். காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும் வண்டி, நெடுந்தூரம் ஓடி டீக்கடையில் நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் பிடித்துவிடும். உடனே 'சொலினாய்டு போச்சு' என்பார்கள். ஆனால் பம்ப் தலையும் அதற்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரும் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். சூட்டில் டீசல் இளகி இடுக்கு வழியாகக் கசியும், அழுத்தம் ஏறாது. ஈரத்துணி இரண்டையும்தான் குளிர வைக்கிறது, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. சூட்டோடு சூடாக வால்வைக் கழற்றி, ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, உடலை மட்டும் திருகி, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் அடித்துப் பாருங்கள். பிடித்தால் வால்வு. பிடிக்காவிட்டால் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டிய வேலை, புது வால்வு வீண் செலவு.

இந்த ஊசி எடுக்கும் வித்தையையே பலர் நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொள்கிறார்கள். காசு செலவில்லை, உண்மைதான். ஆனால் சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்காது. கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டுத் திணறடித்துத்தான் நிறுத்த வேண்டும். விபத்திலோ டீசல் பைப் கழன்றாலோ அதற்கு யாருக்கு நேரம் இருக்கும்? வீடு போய்ச் சேரும்வரை சரி, அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். கையால் நிறுத்தும் லிவர் பம்பிலேயே இருந்தால் கேபிள் இழுத்துக்கொள்ளலாம், அது நேர்மையான மாற்று. அப்படி ஒரு வண்டியை நான் அதிகம் ஓட்டியதில்லை.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் கலந்து கிடக்கும், தலையில் பொறித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். 24 வோல்ட் வால்வு கார் பேட்டரிக்கு ஒழுங்காக இழுக்காது.

மிச்சம் இருப்பது கடைக்காரர் கேட்கும் கேள்வி: "மைக்கோவா, லோக்கலா?" மைக்கோ கம்பெனி 2008லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் கடைவீதியில் ஒரிஜினலுக்கு இன்னும் மைக்கோ என்றுதான் பெயர். எனக்கு இதைத் தீர்மானித்தது சூடு. வால்வுக்குள் ஊசியை இழுப்பது செம்புக் கம்பி சுற்றிய காயில். செம்புக் கம்பியின் மின்தடை சூட்டில் ஏறும். 30 டிகிரியில் இருந்த காயில் 90 டிகிரிக்குப் போனால் தடை ஏறத்தாழ 23 சதவீதம் கூடும், கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காந்த இழுவை கரண்டின் வர்க்கத்தோடு போவதால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நன்றாகச் சுற்றிய காயிலில் இதற்கு மேலும் சக்தி கைவசம் இருக்கும். கம்பியில் கஞ்சத்தனம் செய்த வால்வு ஷெட்டில் 'டிக்' சொல்லும், சூடேறிய பிறகு வாய் திறக்காது. கீழே விழுந்த ஊசியை முதலில் தூக்குவதுதான் கடினம், ஏறிய பிறகு பிடித்து வைக்கக் கொஞ்சம் கரண்ட் போதும். அதனால்தான் ஓடும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, நிறுத்தி எடுக்கும்போது காலை வாருகிறது.

ஊசி முனையிலுள்ள ரப்பரும் அதே அளவு முக்கியம். அது சரியாக உட்காராவிட்டால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் சில நொடி இழுத்துக்கொண்டே நிற்கும். லோக்கல் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். டவுனுக்குள் மட்டும் ஓடும் வண்டியில் அதைப் போட்டு நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். என் வண்டி நெடுஞ்சாலை வண்டி. விலை வித்தியாசமோ ஒருமுறை டோயிங் கூப்பிடும் செலவுக்குக்கூட வராது.

மாட்டுவது சின்ன வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சுற்றுப்புறத்தை டீசல் விட்டுப் பிரஷ்ஷால் சுத்தமாகக் கழுவிய பிறகே திருகுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்ப் தலையில் கீறல். எடுக்கும்போது ஊசியும் ஸ்பிரிங்கும் நழுவி விழும், கீழே ஒரு கையை வையுங்கள். பழைய ஓ-ரிங் வால்வோடு வராமல் பம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதுசை மாட்டினால் ஓரத்தில் டீசல் கசியும். புது ஓ-ரிங்கை டீசலில் நனைத்து, கையாலேயே முழுக்கத் திருகிவிட்டு, கடைசியில் ஸ்பானரால் அளவாக ஒரு இறுக்கு. பிறகு ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பைக் கெட்டிப்படும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.