பேசினால் தட்டச்சாகிறது: ஓய்வுபெற்ற ஒரு டைப்பிஸ்டின் அனுபவம்

போனில் தமிழில் பேசி எழுதும் வசதியைச் சில வருஷங்களாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். என் வயதுக்காரர்களில் யாராவது கீபோர்டில் இருக்கும் அந்த மைக் படத்தை இன்னும் தொட்டுப் பார்க்காமல் இருந்தால், அவர்களுக்காகத்தான் இது. இதில் பெரும்பகுதி பேசி எழுதியதுதான்.

நான் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டு நிலையும் பாஸ் செய்துவிட்டு வேலைக்குப் போனேன். அதிகாரி சொல்லச் சொல்ல அடிப்பதுதான் வாழ்நாள் முழுக்க என் தொழில். ஓய்வுக்குப் பிறகு விரல் மூட்டுகளில் வலி வந்தது. காலையில் விரலை மடக்கவே நேரமாகும். அந்த விரலோடு போனில் தமிழ் அடிப்பது பெரும்பாடு.

வலி மட்டும் காரணமில்லை, பழக்கமும்தான். தட்டச்சு மெஷினில் 'க்' அடிக்க முதலில் புள்ளி, அப்புறம்தான் க. புள்ளிச் சாவியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது கையாண்ட நகரா விசை இது. 247 எழுத்தையும் அத்தனை குறைந்த சாவிகளுக்குள் அடக்கிய அந்த மூளையை இன்றைக்கும் வியக்கிறேன். 'கே' என்றாலும் கொம்புதான் முதலில் விழும். போனில் எல்லாம் தலைகீழ்: க-வைத் தொட்ட பிறகுதான் புள்ளியும் கொம்பும். மனதுக்குப் புரிந்தது, விரலுக்குப் புரியவே இல்லை.

பேத்திதான் மைக்கைக் காட்டினாள். நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வதைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, நீ சும்மா பேசுற மாதிரியே பேசு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. தனிச் சொல்லாகச் சொன்னால் 'பள்ளி'யா 'பல்லி'யா என்று அதற்குத் தெரிய வழியில்லை. "பள்ளிக்கூடம் திறக்கும் தேதி தள்ளிப் போயிருக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொன்னால், பக்கத்துச் சொற்களை வைத்துச் சரியான ளகரத்தைப் போட்டுவிடுகிறது. முதல் முறை ஒரு வாக்கியம் முழுவதும் பிழையில்லாமல் திரையில் ஓடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வருஷக்கணக்காக நான் பிறருக்குச் செய்த வேலையை ஒரு கருவி எனக்குச் செய்கிறது. அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

தமிழுக்கு இந்த வசதி 2017-லேயே வந்துவிட்டது. நான் தொடங்கிய காலத்தைவிட இப்போது நன்றாகவே காது கேட்கிறது அதற்கு. பேச்சுத் தமிழில் "வந்துட்டேன்" என்றால் அப்படியே எழுதும். எழுத்துத் தமிழில் சொன்னால் அதையும் அப்படியே எழுதும். வல்லினம் மிகும் இடங்களில்தான் ஒற்றுகள் விட்டுப்போகின்றன. காற்புள்ளி, முற்றுப்புள்ளி நாம்தான் போட வேண்டும். சொல்லிமுடித்ததும் ஒருமுறை படித்துத் திருத்துகிறேன். பிழை பார்த்துப் பழகிய கண் என்பதால் அதில் எனக்கு ஒரு ருசியும் உண்டு. டி.வி. ஓடினால் அந்தச் சத்தமும் சேர்ந்து குழம்பிவிடுகிறது. நெட் மந்தமாக இருந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. பெரிய குறை என்று சொல்ல வேறு எதுவுமில்லை.

எனக்கு அதிகம் பயன்படுவது மனு எழுதத்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். அதற்கு முந்தைய நாள் மாலை எங்கள் தெருவில் யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கும், பட்டாவில் பெயர் தவறாக இருக்கும், தெருக்குழாயில் தண்ணீர் வராது. வந்தவரை எதிரில் உட்காரவைத்து விவரத்தைக் கேட்டுக்கொண்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அலுவலகத்தில் அதிகாரிகள் எனக்குச் சொன்ன அதே தோரணையில் போனுக்குச் சொல்வேன். 'மாவட்ட ஆட்சித் தலைவர்', 'வட்டாட்சியர்', 'கிராம நிர்வாக அலுவலர்' எல்லாம் அட்சரம் பிசகாமல் வந்துவிடும். திரையில் தன் பெயரும் குறையும் எழுத்தாக வருவதைப் பார்த்துவிட்டு, எதிர் வீட்டு அத்தை "இன்னொரு தடவ சொல்லும்மா, பாக்குறேன்" என்று கேட்டார். அவருக்காகவே மறுபடி சொன்னேன். அப்புறம் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்ட் எடுத்து வைத்திருப்பார். கார்பன் மாற்றும் வேலையும் இல்லை, ஒரு சொல் தப்பினால் பக்கம் முழுவதும் திரும்ப அடிக்கும் வேலையும் இல்லை.

எண்களை மட்டும் நான் மைக்கிடம் விடுவதே இல்லை. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் மனு அடுத்தவர் நிலத்துக்குப் போய்விடும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவற்றை யார் கேட்டாலும் எதிலும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது.

தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் தட்டச்சுக்கான மொழிப் பட்டியலில் தமிழ் (இந்தியா) இருக்கும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாகவும் இருக்கும், உங்கள் பேச்சுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுக்கலாம். பெரிய கடிதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். நான் அறந்தாங்கியில் இருக்கும் என் அக்காவுக்கு இராத்திரி என்ன சமைத்தேன் என்று அனுப்பித்தான் பழகினேன். இப்போது அக்காவும் மைக்கில்தான் பதில் போடுகிறார், என்னைவிட நீளமாக.