ஒசாகாவிலிருந்து ஹிமேஜி கோட்டைக்குப் பேருந்துச் சுற்றுலா பதிவு செய்யப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஜப்பானில் எங்களைக் கூட்டிப்போன சுற்றுலா நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பயணத் திட்டம் வேறு பெயர்களிலும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன், அதனால் பெயரைவிட நடந்ததைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

கோபே, அரிமா வெந்நீர் ஊற்று, ஹிமேஜி கோட்டை, சைவ மதிய உணவு, நுழைவுக் கட்டணம் உட்பட என்று விளம்பரம். பெரியவர்களுக்கு 14,000 யென், பிள்ளைகளுக்கு 11,000. மாமியாரை ரயில் மாற்றி ரயில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாமே என்று ஐந்து பேருக்கும் பணம் கட்டினோம். மொத்தம் 64,000 யென்.

கோபே துறைமுகத்தில் படம் எடுத்து முடித்ததும் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாத ஒரு வரியில்லாக் கடைக்குள் இறக்கிவிட்டார்கள். பேருந்தைப் பூட்டிவிட்டதால் உள்ளே உட்காரவும் முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போனது. சைவ உணவு என்று வந்தது மீன் சாற்றில் செய்த உடோன் நூடுல்ஸ். கேட்டால், "மீன் துண்டு ஒன்றும் இல்லையே" என்கிறார் வழிகாட்டி. மாமியார் பையிலிருந்த முறுக்கோடு நிறுத்திக்கொண்டார்.

சரி, கோட்டையைப் பார்த்தால் போதும் என்று இருந்தோம். ஹிமேஜியில் இறங்கும்போது மணி நாலே கால். கோட்டை ஐந்து மணி வரை திறந்திருந்தாலும் உள்ளே விடுவது நாலு மணியோடு சரி. சீட்டு கொடுக்கும் வாசலை அடைத்துவிட்டார்கள். வழிகாட்டி எங்களை சன்னோமாரு புல்வெளியில் நிறுத்தி, படம் எடுத்துக்கொள்ள நாற்பது நிமிடம் கொடுத்தார். அது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வந்து உட்காரும் இடம்.

தாமதத்துக்குக் காரணம் சாலை நெரிசலாம். ஆனால் காலையில் பேருந்தில் ஏறியபின் அவர்கள் கையில் கொடுத்த தாளிலேயே ஹிமேஜிக்கு வந்து சேரும் நேரம் 3.50 என்று அச்சாகியிருந்தது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சீட்டு வாசலுக்கு நடக்கவே பத்து நிமிடம் வேண்டும். உள்ளே கூட்டிப்போகும் எண்ணமே இவர்களுக்கு இருந்திருக்காது.

வெளியே நின்று பார்த்தாலும் வாய் பிளக்க வைக்கும் கோட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சூட்சுமம் எல்லாம் உள்ளேதான். வருகிற எதிரியைக் குழப்புவதற்காகவே வளைந்து வளைந்து போகும் பாதை, அம்பும் துப்பாக்கியும் நீட்டச் சுவரில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாகத் துளைகள். 1609இல் இக்கேதா தெருமாசா கட்டி முடித்த மரக்கோபுரம் இன்னும் நிற்கிறது. 1945இல் ஊரே குண்டுவீச்சில் எரிந்தபோதும் தப்பியது. என் பெரியவன் அந்தத் துளைகளைப் பார்க்கத்தான் வந்தான்.

இன்னொரு கூத்து. 2026 மார்ச்சிலிருந்து கோட்டைக் கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு 1,000 யென், வெளியாட்களுக்கு 2,500. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இலவசம். அப்படியானால் பிள்ளைகளுக்கு எந்த நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து வாங்கினார்கள்? மின்னஞ்சலில் கேட்டேன். கோட்டையின் நேரக் கட்டுப்பாடு தங்கள் கையில் இல்லை என்றும், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றும் பதில் வந்தது. அடுத்த பயணமாம்! இப்போது கடன் அட்டை வங்கியில் முறையிட்டிருக்கிறோம். அந்த 3.50 தாளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

உண்மையில் இதற்குப் பேருந்தே தேவையில்லை. ஒசாகா நிலையத்தில் ஜே.ஆர். நிறுவனத்தின் ஷின்கைசோகு என்ற விரைவு ரயில் ஏறினால் ஒரு மணி நேரம், சுமார் 1,500 யென், முன்பதிவும் வேண்டாம். ரயில் மாறவும் வேண்டாம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஹிமேஜியில் இறங்கினால் நேரே எதிரே கோட்டை தெரியும், இருபது நிமிட நடை. ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் ஆறு தளம் ஏற வேண்டும். மின்தூக்கி கிடையாது, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இல்லை, பேருந்தில்தான் போவேன் என்றால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கோட்டை வாசலுக்கு எத்தனை மணிக்குப் போவோம்? கோபுரத்துக்குள் ஏறுவோமா, வெளியே நின்று பார்ப்பதுதானா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். வங்கி என்ன சொல்கிறது என்று தெரிந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.