கல் தெறித்த புள்ளிக்குச் சிறு போத்தலா, ஸ்ப்ரேயா, கராஜா?

ஹபரணை வீதியில் டிப்பருக்குப் பின்னால் ஓடிப் பழகிய காரை பொனட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அரிசி மணி அளவில் நாலைந்து இடத்தில் பெயின்ட் தெறித்திருக்கும். மலைநாட்டுக்காரர் அதைக் கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல் விடலாம். திருகோணமலையில் கடலோரமாக உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ காரை நிறுத்துகிறவருக்கு அது சரிவராது. உப்புக் காற்றுக்கு அந்தச் சின்ன ஓட்டை போதும், கறள் பிடித்துவிடும். அதனால் எது அழகாக வரும் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். எது இரும்பை மூடும் என்பதுதான் முதல் கேள்வி.

கம்பனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான், ஒரு தாளின் தடிப்பைவிடக் கொஞ்சம் கூட. புள்ளிக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் அடிப் பிரைமர் இன்னும் இருக்கிறது, அவசரமில்லை. இரும்பு மினுங்கினாலோ மண்ணிறம் கண்டாலோ அந்த வாரமே கை வைக்க வேண்டும். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக், அது கறள் பிடிக்காது. அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

என் தெரிவு தூரிகை வைத்த சிறு பெயின்ட் போத்தல். கம்பனியுடையதாகவும் இருக்கலாம், பெயின்ட் கடையில் நிற இலக்கம் சொல்லிக் கலந்து வாங்கியதாகவும் இருக்கலாம். அந்த இலக்கம் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டில் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் எஞ்சின் பகுதியிலும் தேடிப் பாருங்கள். டொயோட்டாவில் 040 என்றால் சாதாரண வெள்ளை, 070 என்றால் முத்து வெள்ளை. பார்க்க இரண்டும் வெள்ளைதானே என்று மாற்றி வாங்கினால் புள்ளி முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். முத்து வெள்ளை பல அடுக்காகப் பூசுகிற நிறம், ஒரே போத்தலில் சரியாகப் பொருந்தாது.

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும், காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் ஒரு துடைப்பு. கறள் இருந்தால் சான்ட்பேப்பரைச் சிறிதாக மடித்துப் புள்ளிக்குள் மட்டும் சுரண்டி, வெறும் இரும்புக்குப் பிரைமர் வைக்க வேண்டும். போத்தலோடு வரும் தூரிகை அரிசி மணிப் புள்ளிக்கு மிகப் பெரிது. சீவிய ஈர்க்கு நுனியால் ஒரு துளி வைத்தால் பெயின்ட் தானாகப் பரவி அடங்கும். காயும்போது அது சுருங்கும், ஆகவே மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை வைத்து, மேலே கிளியர் எனும் நிறமில்லாத பூச்சு. மினுக்க வேண்டுமென்றால் ஒரு வாரமாவது விட்டு, 2000 இலக்கச் சான்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். இவ்வளவு செய்தும் கிட்ட நின்று பார்த்தால் புள்ளி தெரியும், மெட்டாலிக் நிறத்தில் இன்னும் கொஞ்சம் கூடத் தெரியும். இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாது, எனக்கு அது போதும்.

பேனா வடிவில் வருவதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். கீறலுக்கு நல்லது, புள்ளியில் பெயின்ட் அதிகமாக இறங்கிவிடும்.

ஸ்ப்ரே டின்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அரிசி மணிப் புள்ளிக்கு உள்ளங்கை அகலத்தில் அடிக்க வேண்டி வரும், ஓரம் தனியாகத் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் அடித்தால் பக்கத்து வீட்டு மதிலுக்கும் பங்கு போகும், பொனட்டில் மணலும் ஒட்டும். மாரியில் ஈரம் கூடினால் பூச்சு வெள்ளை பூத்துவிடும். கையில் டின்தான் இருக்கிறதென்றால், அதன் மூடிக்குள் கொஞ்சம் அடித்து அதிலிருந்து தொட்டு வையுங்கள். எதை வைத்தாலும் காலையில், நிழலில், தகடு சுடாத நேரத்தில் செய்யுங்கள்.

கியூடெக்ஸ் பூசுகிறவர்களும் உண்டு. சுத்தம் செய்த இடத்தில் நிறமில்லாத கியூடெக்ஸ் சில வாரம் காக்கும், வெயிலில் பிறகு மஞ்சளித்து வெடிக்கும். கறளை மூடி அதன் மேலேயே பூசுவதுதான் மோசம். கறள் அடியில் நடந்துகொண்டே இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது.

கடைசியில் கராஜ். அங்கே புள்ளிக்கு மட்டும் பெரும்பாலும் செய்து தரமாட்டார்கள், முழுப் பொனட்டுக்கும் அடிக்கத்தான் சொல்வார்கள். நல்ல கையும் தூசி புகாத அறையும் இருந்தால் புதிதுபோல வரும். ஆனால் தொழிற்சாலையில் வெறும் கூட்டைச் சூளையில் வைத்துச் சுட்டெடுத்த பூச்சு போய்விடும். பிளாஸ்டிக்கும் வயரும் இருக்கிற முழுக் காரை அந்தச் சூட்டில் திரும்ப வைக்க முடியாது. விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்பதும் ‘ஒரிஜினல் பெயின்டா?’ என்றுதான். நாலைந்து புள்ளிக்காக அதை இழப்பது வீண். பெயின்ட் கொப்பளித்து உள்ளே கறள் ஓடியிருந்தாலோ, பொனட்டின் முன் ஓரம் முழுக்கக் கொத்தியது போல இருந்தாலோ கராஜுக்குப் போகத்தான் வேண்டும். அப்போது காரை அறைக்குள் வைத்து அடிப்பார்களா, மரத்தடியிலா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.